ஒற்றைச் சரி

லோறென்ஸ்கூக்கில் எந்தத் தமிழ்ப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் ஒரு மாமியாவது என்னிடம் கேட்பார்: "பிள்ளை என்ன வேலை செய்யிறீர்?" இணையக் கட்டமைப்புக்கும் இணைய ஆளுகைக்கும் ஆலோசகராக இருக்கிறேன் என்பேன். மாமி தலையை ஆட்டிவிட்டு அம்மாவிடம் போவார். "மகள் வைஃபை பூட்டுறவவோ?"

அம்மா ஆகூஸ் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். "டொக்டருக்குப் படிச்சிருந்தால் எனக்கு விளங்கப்படுத்துற வேலை மிச்சம்" என்று சொல்வார். பகிடிதான். ஆனால் பாதிதான் பகிடி.

நான் இந்த வேலைக்கு வந்த கதை ஒரு காலைப்பொழுதில் தொடங்கியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எழும்பி வந்தபோது அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், இருக்கவில்லை. இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும்.

எங்கள் அம்மம்மா மட்டக்களப்பில். உயிர்த்த ஞாயிறு அன்று வீட்டில் இருக்கிற ஆள் இல்லை. "அம்மம்மா, எங்க நிக்கிறீங்கள்?" என்று வட்ஸ்அப்பில் எழுதினேன். ஒற்றைச் சரி விழுந்தது. இரண்டாவது சரி விழவே இல்லை. வைபரும் இல்லை. அன்று வதந்தி பரவாமல் இருக்க அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியிருந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் ஒருவழியாக லைன் கிடைத்தது. "நான் வேற கோயிலுக்குத்தானே போனனான். நீ சாப்பிட்டியா?" என்று அம்மம்மா கேட்டார். அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வதந்தி பற்றிய பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். முந்தின வருஷம் மார்ச்சில், கண்டிப் பக்கம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வெறுப்பு பேஸ்புக் வழியாகவும் ஓடியது. அப்போதும் முடக்கினார்கள். ஆனால் வெறுப்புக்குப் போட்ட பூட்டு அம்மம்மாவின் கதவிலும் விழுந்தது. இந்தப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது? எத்தனை மணித்தியாலம் பூட்டலாம்? யாரைக் கேட்டுப் பூட்ட வேண்டும்? இணைய ஆளுகை என்பது இந்தக் கேள்விகள்தான். அப்போது நான் கணினி படித்துக்கொண்டிருந்தேன். பிறகு படித்ததெல்லாம் அந்தப் பக்கமே திரும்பியது.

இணையத்துக்கு ஒரு முதலாளி இல்லை. நோர்வேயின் 'டொட் நோ' பெயர்களைத் துரொண்ட்ஹைமில் உள்ள நோரிட் பார்க்கிறது. ஐரோப்பாவுக்கான இணைய முகவரி எண்களை அம்ஸ்ரர்டாமில் உள்ள ரைப் நிலையம் பகிர்ந்து கொடுக்கிறது. உலகப் பெயர்ப் பட்டியலை ஐகான் ஒருங்கிணைக்கிறது. கேபிள் வேறொருவருடையது. சட்டம் அந்தந்த நாட்டுடையது.

என் நாளாந்த வேலை இதைவிடச் சாதாரணம். ஒரு நிறுவனம் "எங்களிடம் இரண்டு கேபிள் இருக்கு, பயமில்லை" என்று சொல்லும். இரண்டும் எந்தப் பாதையால் போகின்றன என்று வரைபடத்தைக் கேட்பேன். சில நேரம் இரண்டும் ஒரே கிடங்குக்குள் கிடக்கும். ஒரு மண்வெட்டி இயந்திரம் போதும், இரண்டும் போய்விடும். 2022 ஜனவரியில் ஸ்வால்பார்டுக்குப் போகும் இரண்டு கடலடிக் கேபிள்களில் ஒன்று பழுதானது. மற்றது தாங்கியதால் தீவு துண்டிக்கப்படவில்லை. அந்த இரண்டாவது கேபிளைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதெல்லாம் எங்கோ தூரத்தில் நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். லோறென்ஸ்கூக்கிலிருந்து கொஞ்ச நேர ரயில் பயணத்தில் லில்லெஸ்த்ரோம். அதற்குப் பக்கத்தில் ஷெல்லர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் 1973இல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக வந்து சேர்ந்தது அங்கேதான், நோர்சார் என்ற நிலையத்துக்கு. நில அதிர்வை வைத்து அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்கிற இடம் அது. லண்டனும் அந்த வருஷம் ஷெல்லர் வழியாகத்தான் இணைந்தது.

52 வருஷம் கழித்து, 2025 ஜூனில், ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் அதே லில்லெஸ்த்ரோமில் கூடியது. அரசாங்கத்தார், நிறுவனக்காரர், மனித உரிமைக்காரர், மாணவர் எல்லோருக்கும் ஒரே மண்டபம். பதிவு இலவசம். இணைய முடக்கம் பற்றிய ஓர் அமர்வில் நானும் கை தூக்கினேன். கை நடுங்கியது. இரண்டு நிமிஷம் அந்த ஒற்றைச் சரியைப் பற்றிச் சொன்னேன்.

அந்த மன்றம் யாரையும் கட்டுப்படுத்துகிற தீர்மானம் எடுப்பதில்லை. "அப்ப என்ன பிரயோசனம்?" என்று அப்பா இரவு கேட்டார். நியாயமான கேள்வி. பூட்டுகிறவர்களும் பூட்டப்பட்டவர்களும் ஒரே மண்டபத்தில் இருப்பது அபூர்வம் அப்பா, என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மம்மாட கதையைச் சொன்னனியோ?" என்று கேட்டார்.

தம்பி, தங்கைகளே, இந்த வேலைக்குக் கணினி தெரிந்தவர் மட்டுமல்ல, சட்டம் படித்தவரும் மொழி தெரிந்தவரும் வேண்டும். ஊரில் லைன் அறுந்தால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் இன்னும் கூடுதலாக வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த விழாவில் மாமி கேட்டால் ஆளுகை, கட்டமைப்பு என்று தொடங்க மாட்டேன். "மாமி, உயிர்த்த ஞாயிறு அன்று நீங்கள் ஊருக்கு எடுத்த கோல் போனதா?" என்றுதான் கேட்கப் போகிறேன்.