கணப்படுப்புக்கு வெள்ளை

சமவெளியிலிருந்து நீலகிரிக்குப் பணிமாற்றம் பெற்றுச் செல்லும் குருவுக்கு முதலில் புதுமையாகத் தோன்றுவது அங்குள்ள பழைய வீடுகளின் கணப்படுப்பே. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் 1822-இல் உதகையில் கட்டத் தொடங்கிய வீட்டை மலைமக்கள் ‘கல் பங்களா’ என்றழைத்தனர். அதன்பின் எழுந்த ஆங்கிலேயர் இல்லங்களில் வரவேற்பறைச் சுவரொன்றில் செங்கல் அடுப்பும், அதன்மேல் புகைபோக்கியும் இடம்பெற்றன. எங்கள் பங்கு இல்லமும் அவ்வழியில் வந்ததே.

மண ஓலை எழுத வரும் இளையோரும், இறந்தோர் பூசைக்குப் பெயர் கொடுக்க வருவோரும், கணவன்மீது குறைசொல்ல வரும் பெண்களும் அமர்வது அந்த அறையில்தான். சன்னல் ஒன்றே, புகையேறிக் கறுத்த செங்கற்களோ ஒரு சுவர் முழுவதும். பட்டப்பகலிலும் விளக்கில்லாமல் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. சென்ற ஆண்டு பங்குப் பேரவையில் அறையைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தபோது, கணப்படுப்புக்கும் வெள்ளை அடிப்பதென முடிவாயிற்று.

“வெள்ளையடித்த கல்லறை ஆகிவிடாதா, சாமி?” என்றார் ஆசிரியர் ஒருவர். எல்லாரும் சிரித்தோம். ஆயினும் அந்தச் சுண்ணாம்புக்காக ஒரு சொல் பேச வேண்டும். யூதர்கள் பாஸ்கா விழாவுக்கு முன் கல்லறைகளை வெண்மையாக்கியது உள்ளிருப்பதை மறைக்க அன்று. வழிப்போக்கர் அறியாமல் தொட்டுத் தீட்டுப்படாதிருக்க அடையாளம் காட்டவே. ஆண்டவர் கண்டித்தது வெளிவேடக்காரரை, சுண்ணாம்பை அல்ல.

இளைஞர்கள் கடையில் விற்கும் பளபளப்பான எமல்ஷன் பெயிண்டையே விரும்பினர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர்தாம் தடுத்தார். செங்கல் ஈரத்தை உறிஞ்சும், வெளியிடவும் செய்யும். மேலே ஏடுபோன்ற பூச்சு படிந்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகமே செதிள்செதிளாக உதிரும். நுண்துளைகளில் இறங்கிய பெயிண்டைப் பின்னர் சுரண்டினால் செங்கல்லின் தோலும் உடன் வரும். நீர்த்த சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய கல்லாக இறுகும், ஈரத்துக்கும் வழிவிடும். வேண்டாமென்றால் பெரும்பகுதியைத் தேய்த்தே அகற்றலாம்.

இந்தக் கடைசிக் காரணமே என்னை இசைய வைத்தது. சில ஆண்டுகளில் மாறிச் செல்லும் குருவுக்கு அந்த வீட்டின்மீதுள்ள உரிமை குத்தகைக்காரனின் உரிமையே. அடுத்து வருபவர் மாற்ற இயலாத ஒன்றைச் செய்துவிட்டுப் போக எனக்கு உடன்பாடில்லை.

இதற்கிடையில், மறைந்த உபதேசியாரின் மனைவி ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து வந்து நின்றார். முப்பதாண்டுகளுக்கு மேலாக அந்த அடுப்பில் சீகை விறகு அடுக்கித் தீமூட்டியவர் அவருடைய கணவர். சுள்ளி சீவும் கத்தியை ஓரச் செங்கல் ஒன்றில்தான் தீட்டிக்கொள்வாராம். முன்னிருந்த குருக்கள் கண்டித்தும் விட்டபாடில்லை. “அவரு கை பட்ட இடம் சாமி. பூசி மறச்சிடாதீங்க” என்றார் அம்மா. அந்தக் கல் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. கறுப்போடு கறுப்பாய்க் கிடந்தது. அவர்தாம் குனிந்து காட்டினார். அதை மட்டும் விட்டுவிட்டு அடிக்கவா என்று கேட்டதற்கு அவர் மறுமொழி கூறவில்லை.

உலர்ந்த தூரிகையால் கரியைத் தட்டி, சலவைச் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டோம். பின்னர் செங்கல்லை நனைத்து, துணியில் வடிகட்டிய சுண்ணாம்பு நீரில் சிறிது நீலம் கலந்து பூசினோம். முதல் பூச்சு வெறும் நீராகவே தெரிந்ததால் இளைஞர்கள் முகம் சுளித்தனர். மறுநாள் காலை அது வெளுத்திருந்தது. மூன்றாம் பூச்சுக்குப் பின்னும் அடுப்பு வாயின் மேற்புறம் பழைய புகையின் மஞ்சள் கசிந்தது, அப்படியே விட்டோம். தீ எரியும் உட்புறத்தைத் தொடவே இல்லை. கரியின்மேல் சுண்ணாம்பும் பிடிக்காது.

அறை வெளிச்சமாயிற்று. நான் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. கறுப்பில் கண்ணுக்குப் புலப்படாதிருந்த அந்தக் குழிவு வெண்மையில் நிழல் விழுந்து, வாசலில் நிற்பவருக்கும் தெரிந்தது.

மார்கழிக் குளிரில் அம்மா வந்தார். குழிவில் விரலை வைத்துச் சற்றுநேரம் நின்றார். விரலில் ஒட்டிய சுண்ணாம்பைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, “இந்த வருசம் வெறகு வந்திருச்சா சாமி?” என்று கேட்டார்.