மலையை ஜெயித்தவர், கொசுவிடம் தோற்றார்

உலகமே கொண்டாடிய சைக்கிள் வீரர் ஒருவர் 40 வயதில் இறந்துபோனார். விபத்து இல்லை, மாரடைப்பு இல்லை. கொசுக்கடி. கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க மக்களே.

பெயர் ஃபாஸ்டோ காப்பி. 1919-ல் இத்தாலியின் காஸ்டெல்லானியா என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயசுல கறிக்கடையில் வேலை. சைக்கிளில் வீடு வீடாகப் போய் சரக்கு கொடுக்கணும். கால் பழகியது அங்கேதான்.

1940-ல் "ஜிரோ டி இத்தாலியா" பந்தயம். அணித்தலைவர் பார்த்தாலிக்கு உதவியாளராகப் போன பையன், 20 வயதில் தானே கோப்பையைத் தூக்கிட்டார்!

1942-ல் மிலன் நகர விகோரெல்லி ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி உலக சாதனை. 1956 வரை அதை யாராலும் உடைக்க முடியல.

நடுவுல போர். 1943-ல் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் போர்க்கைதி. விளையாட்டு வீரருக்கு உச்சமான வயசு அப்படியே போச்சு. ஆனாலும் திரும்பி வந்தார்.

1949-ல் ஜிரோ, டூர் டி பிரான்ஸ் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதர் ஆனார். 1952-ல் மறுபடியும் அதையே செய்தார். மொத்தம் 5 ஜிரோ, 2 டூர். ஓடுதளத்தில் 1947, 1949-ல் உலக சாம்பியன். 1953-ல் சாலைப் பந்தயத்திலும் உலக சாம்பியன்.

இனிதான் ஒரு டாக்டரா நான் சொல்ல வந்த விஷயம்.

1959 டிசம்பர். அப்பர் வோல்டாவுக்கு (இன்றைய புர்கினா ஃபாசோ) ஒரு பந்தயத்துக்காகப் போனார். கூடவே பிரெஞ்சு வீரர் ரஃபேல் ஜெமினியானியும். ஊர் திரும்பியதும் இருவருக்கும் கடுமையான காய்ச்சல்.

பிரான்சில் ஜெமினியானிக்கு மலேரியா என்று கண்டுபிடித்தார்கள். குயினைன் கொடுத்தார்கள். பிழைத்தார்.

இத்தாலியில் காப்பிக்கு நுரையீரல் தொற்று என்று நினைத்து வைத்தியம் நடந்தது. 1960 ஜனவரி 2-ல் இறந்தார்.

ஜெமினியானி? 99 வயது வரை வாழ்ந்து 2024-ல்தான் மறைந்தார்.

ஒரே பயணம், ஒரே நோய். ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 99. மருந்து அன்னைக்கே இருந்தது. "இது மலேரியாவா இருக்குமோ?" என்ற சந்தேகம் சரியான நேரத்தில் வரலை, அவ்வளவுதான்.

ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளில் மூளை, கிட்னி என்று கை வைத்துவிடும். ஆரம்பத்தில் பார்த்தால் சாதாரண ஃப்ளூ மாதிரியேதான் இருக்கும். இரும்பு மாதிரி உடம்பு இருந்தாலும் அதுக்குக் கணக்கு இல்லை.

அதனால ஓபியில் காய்ச்சல்னு வருபவர்களிடம் "சமீபத்துல எங்கயாவது வெளியூர் போனீங்களா?" என்று நான் கேட்காமல் விடுவதில்லை. ஒடிசா, சத்தீஸ்கர், ஆப்பிரிக்கா என்று வேலைக்குப் போய் வருபவர்கள் நம்மிடையே நிறைய. டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிடுங்க. ரத்தத் தடவல் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒரு துளி ரத்தம் போதும்.

ஜெமினியானிக்குக் கிடைத்த 64 வருஷம் உங்க வீட்டு ஆளுக்கும் கிடைக்கட்டும்.