காலிமுகத் திடலில் என் அன்னை

என் அன்னையார் தமது அறுபத்தெட்டாம் வயது வரையில் கடலைக் கண்டதில்லை. தீவிலே பிறந்த ஒருவர் கடலைக் காணாதிருத்தல் கூடுமோ என்று வாசகர்கள் ஐயுறலாம். பதுளைப் பகுதித் தோட்டத்து லயங்களில் அத்தகையோர் பலர் உளர். விடியலில் பிரட்டுக்களம், பகலெல்லாம் கொழுந்துக்கூடை, மாலையில் பீலிக்கரை என்று நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர் அவர். கோயில் என்றால் கதிர்காமம். பட்டணம் என்றால் பதுளை. அவ்வளவே அவர் கண்ட உலகம்.

அவர் கடற்கரைக்குப் போக நேர்ந்தது என் பத்து வயது மகனால். 1951 மார்ச் 2 ஆம் திகதி தோன்றிய நமது விமானப் படை, தனது எழுபதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் முகமாக, 2021 மார்ச் 3 முதல் 5 வரை கொழும்புக் காலிமுகத் திடலில் விமான சாகசக் காட்சி நடத்தும் என்ற செய்தி வந்தது. இந்தியாவிலிருந்தும் விமானங்கள் வரவிருந்தன. அன்று தொட்டு மகன் என்னை விடவில்லை.

“இலவசந்தானே, அப்பா? அப்பாயியையும் கூட்டிட்டுப் போவோம்” என்றான்.

இலவசந்தான், மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து ஏரிக்கரையிலும் ஆண்டுதோறும் இப்படியொரு வான், நீர்க் காட்சி கட்டணமின்றி நடைபெறுகிறது. 1959 இல் சிறுவர் முகாம் ஒன்றின் பொருட்டு மிகச் சிறிய அளவில் தொடங்கியது, இப்போது இலட்சக்கணக்கானோரை ஈர்க்கிறது. ஏரிக்கரையில் வீடுள்ளவன் மாடியில் நின்றே பார்த்துவிடலாம். மலையிலிருந்து இறங்கி வருகிறவன் கதை வேறு. கோச்சிக் கூலி, வழிச் சாப்பாடு எல்லாம் ஒருபுறமிருக்க, என் தங்கை சொன்னதே பெரிய கணக்கு: “எனக்கு ரெண்டு பேரு போயிடும்ணே. நீங்க போயிட்டு வாங்க.” வேலைக்குப் போகாத நாளுக்குத் தோட்டத்தில் பேர் விழாது, பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை.

ஆகவே மூவர் மட்டும் 4 ஆம் திகதி பதுளையில் கோச்சி ஏறினோம். பெருந்தொற்றுக் காலமாதலால் மூவர் முகத்திலும் கவசம். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகும் விந்தையை மகன் வாய் பிளந்து பார்த்தான். அன்னையார் யன்னலோரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பொல்காவலைச் சந்தி வந்தது. அங்கேதான் வாய் திறந்தார்.

“இங்கனதான் அண்ணன் போன கோச்சி வடக்க திரும்பிருச்சு.”

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30 ஆம் திகதி செய்துகொள்ளப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி பத்தாண்டு கழித்தே தீர்மானமாயிற்று. காகிதத்தில் எண்ணிக்கை பிரிந்தது. லயத்தில் உடன்பிறப்புகள் பிரிந்தனர். அன்னையார் மணமுடித்துப் புகுந்த குடும்பம் இங்கே தங்கிற்று. அவருடைய ஒரே அண்ணன் 1974 இல் தலைமன்னார் சென்று கப்பலேறினார். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே நம் மக்கள் அழைத்தனர். பதுளை நிலையம் வரை சென்று அழுது திரும்பியவர் அன்னையார். பொல்காவலை என்ற பெயர் மாமனாரின் முதற் கடிதத்தில் இருந்ததாம். எழுத்தறியாத அவர் அந்தப் பெயரை நாற்பத்தேழு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்திருக்கிறார்! நான் ஆசிரியன், பெற்ற தாயின் நெஞ்சில் இருந்த இந்தப் பாடத்தை அதுவரை வாசித்ததில்லை.

மாமனார் கூடலூர்ப் பக்கத்தில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். 1984 இல் கப்பல் நின்றது. கடிதங்கள் அருகின. 1991 இல் அவர் காலமான செய்தி, கருமாதி முடிந்த பின்னரே எங்களுக்குக் கிட்டியது.

கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் திடலுக்குச் சென்றோம். வெயில் கொளுத்திற்று. தேஜஸ் என்னும் போர் விமானம் தலைக்கு மேலே கடந்த பிறகுதான் அதன் ஓசை வந்து அறைந்தது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க மூன்று விநாடி ஆகுமென்று மகனுக்கு விளக்கினேன், அவன் கேட்டால்தானே! மயில் தீட்டிய சாரங் ஹெலிகொப்டர்கள் சாய்ந்தும் குறுக்கிட்டும் ஆடின. “முருகா, மயிலைப் பாரேன்” என்று அன்னையார் கைகூப்பினார். பின்னர் சிவப்பும் வெள்ளையும் தீட்டிய சூரிய கிரண் அணி, ஒன்றையொன்று உரசுவதுபோல் நெருங்கிப் பறந்தது. கீழே மக்கள் ஒருமிக்க ஆரவாரித்தனர்.

“இதெல்லாம் எங்கருந்து வந்துச்சு, ராசா?”

“இந்தியாவுலருந்து, அப்பாயி.”

“எம்புட்டு நேரமாகும்?”

மகன் என்னைப் பார்த்தான். “ஒரு மணி நேரம் போலம்மா” என்றேன்.

“முடிஞ்சதும் திரும்பிப் போயிருவாங்களா?”

“போயிருவாங்க.”

“நெனச்சா மறுபடி வரலாமா?”

“வரலாம்.”

அதன்பின் அவர் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. திடலில் இருந்தோர் எல்லாரும் அண்ணாந்து நிற்க, அவர் ஒருவர் மட்டும் நீரை நேரே நோக்கி நின்றார்.

“அண்ணன் போன தண்ணி இதுதானா, தம்பி?”

அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமன்னார் வடக்கே நெடுந்தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து தனுஷ்கோடி முனை சுமார் 30 கிலோமீற்றர்தான். திசைப் பிழையைத் திருத்துவது என் தொழில். ஆயினும், “ஆமாம்மா” என்றேன்.

என் தோளைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அலை வந்து கால் நனைத்த இடத்தில் குனிந்து, இரு கைகளாலும் நீரை அள்ளி அள்ளிக் கடலிலேயே விட்டார். மூன்று முறை. எதற்கென்று நான் வினவவில்லை. மேலே விமானம் விட்ட புகை கலைந்துகொண்டிருந்தது. “அப்பாயி, மேலே பாருங்க, மேலே பாருங்க!” என்று மகன் கத்திக்கொண்டேயிருந்தான்.

நாங்கள் ஊர் திரும்பியபோது லயத்தில் வேறு பேச்சாயிருந்தது. காட்சியின் கடைசி நாளான அந்த 5 ஆம் திகதியன்றே, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வெளியாகியிருந்தது. அதுவரை அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. கொடுப்பார்களா, மாட்டார்களா என்று வாசல்தோறும் வாதம். தங்கை அதைவிட்டு எழுந்து வந்தாள்.

“ஏரோப்பிளேன் எப்படிம்மா இருந்துச்சு?”

“சத்தம் ரொம்ப” என்று சொல்லிக்கொண்டே, அன்னையார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதிலிருந்து ஒரு சிறு சிப்பியை எடுத்துச் சாமிப் படங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, அடுப்பு மூட்டப் போனார்.