மருத்துவரும் ஒரு மாணவரே!

செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில், குன்றைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்து அரங்கநாதர் கோயில் இருக்கிறது. படியேறித்தான் போக வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவருக்கு அந்தப் படிகளில் ஆபத்து உண்டு. கல் குத்தினாலும் தெரியாது. வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காத புண் சில சமயம் காலையே காவு வாங்கிவிடும்.

உள்ளங்காலை மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்தே உணர்ச்சி குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம். சில நிமிட வேலை. செலவும் சொற்பம். ஆனால், "செருப்பைக் கழற்றுங்க, பாதத்தைப் பார்க்கணும்" என்று மருத்துவர் சொல்ல வேண்டுமே!

மருந்துகளும் மாறிவிட்டன. 2005-ல் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு மெட்ஃபார்மின் தெரியும். எம்பாகிளிஃப்ளோசின் அவர் பாடத்தில் இல்லை. இதய நோயும் உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் இதய நோய் மரணங்களை அது குறைப்பதாக 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்க, விலை இறங்கியது. சேதி மருத்துவருக்கே எட்டாவிட்டால் நோயாளிக்கு என்ன லாபம்?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர் என்றது. சிறப்பு மருத்துவர்கள் மட்டும் பார்த்து முடிகிற கணக்கா இது? இல்லை. அதனால்தான் 2010-ல் சென்னை டாக்டர் மோகன் நீரிழிவுக் கல்வி அகாடமியும் இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையும் சேர்ந்து, பணியில் இருக்கும் பொது மருத்துவர்களுக்கு ஒரு சான்றிதழ் படிப்பைத் தொடங்கின. மாதம் ஒருமுறை வகுப்பு. கிளினிக்கை மூடிவிட்டு வரத் தேவையில்லை என்பதே அதன் பலம்.

மருந்துக் கம்பெனி செலவில் ஓட்டலில் நடக்கும் கூட்டத்துக்கும் 'தொடர் கல்வி' என்றுதான் பெயர். அங்கே புது மாத்திரையின் பெருமையைக் கேட்கலாம். எந்த நோயாளிக்கு அது தேவையில்லை, எவருக்குப் பழைய மலிவு மாத்திரையே போதும் என்பதையும் சொல்லித் தந்தால்தான் அது கல்வி. இல்லையென்றால் வெறும் விளம்பரம்.

சுவரில் மாட்டிய பட்டம் எந்த வருடத்தது என்பது பெரிய விஷயமில்லை. மருத்துவர் கடைசியாகப் படித்தது எப்போது என்பதில்தான் சிங்கவரத்துப் பெரியவரின் கால் இருக்கிறது!