கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

இரண்டு மாசமா என் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான் மக்களே.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. நம்ம மாவட்டத்துக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம்! அப்படிச் சேர்ந்த பணம். கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

தோண்டிப் பார்த்தால் ஒரு கூத்து. ஆர்டிஎக்ஸ் 4070 என்று இரண்டிலும் ஒரே பெயர். டெஸ்க்டாப் கார்டில் 12 ஜிபி மெமரி, லேப்டாப்பில் 8 தான். சிப்பே வேறயாம்! (இரண்டுமே நமக்கு எட்டாத விலை, அது வேற கதை.) லேப்டாப்பில் அது போர்டோடு பற்றவைத்தது, பின்னால் மாற்ற வழியில்லை.

"கரண்டு போனா என்ன செய்வ மக்கா?" என்றார் அப்பா. 2017-இல் ஒக்கிப் புயலடித்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த வீடு, கேட்பது நியாயம்தான். ஆனால் பேட்டரியில் கேம் ஓட்டினால் லேப்டாப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தாண்டுவதே பெரும்பாடு.

கடைசியில் முடிவு செய்தது தங்கச்சியின் நோட்டு. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள், பைதான் புரோகிராமை எல்லாம் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். லேப்டாப் என்றால் என்னோடு நாகர்கோவில் ஹாஸ்டலுக்கு வந்துவிடும். டெஸ்க்டாப் வீட்டிலேயே கிடக்கும்.

டெஸ்க்டாப்பே வாங்கினோம், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல். மழை விட்டதும் கார்டு வாங்கலாம் என்றிருக்கிறார் அப்பா. சனிக்கிழமை பஸ் பிடித்து ஆசையோடு வீட்டுக்குப் போனால், "இந்த ஒரு புரோகிராம் மட்டும் அண்ணா" என்கிறாள், நாற்காலியை விடாமல்.