மூன்றரை டிகிரி

தில்லிக்குக் குடிவந்த தமிழர் வீடுகளில் ஊரிலிருந்து வந்த பொருள் ஏதேனும் ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் ஆட்டுக்கல்; மற்றொரு வீட்டுப் பலகணியில், குளிர்காலந்தோறும் இலை உதிர்த்து உயிருக்குப் போராடும் கறிவேப்பிலைச் செடி. நான் தூத்துக்குடியில் பிறந்தவன். மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் குடியிருப்பிற்கு நான் கொண்டுவர விரும்பியது கடலை. முந்நூறு லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில் கூடத்தில் நிறுவினேன். என் மனைவி அப்போது சொன்னதை இங்கே எழுத இயலாது.

நன்னீர் மீன் வளர்ப்பதும் இதுவும் ஒன்றல்ல. குழாய்நீரில் குளோரின் இருக்கும், ஆகவே ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரில், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராமுக்குச் சற்று மேலாகச் செயற்கைக் கடலுப்பைக் கரைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கற்களின் துளைகளில் குடியேற ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் மீனில்லாத நீரையே பார்த்துக்கொண்டிருந்த என்னை அடுத்த வீட்டுப் பஞ்சாபியர் கவலையோடு நலம் விசாரித்தார். அதன்பின் பண்ணையில் பிறந்த கோமாளி மீன்கள் இரண்டும், கல்லாக வளராத பொத்தான் பவளக் கொத்துகள் நான்கும் வந்து சேர்ந்தன. விரிந்தால் பச்சையும் செம்மஞ்சளுமாகச் சின்னஞ்சிறு சாமந்திகள் போல் இருக்கும். சில வகைகளில் கொடிய நஞ்சு உண்டாதலால் கையுறையின்றித் தொடலாகாது.

பாறையாக வளரும் பவளங்களை நான் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை 2001இல் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்குரிய காவல் அவற்றிற்கும் உண்டு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவருடைய இளமையில் தூத்துக்குடிக் கரையில் பவளப்பாறையைப் படகு படகாக வெட்டி வந்து இறக்குவார்களாம், சுண்ணாம்புக்குப் போகுமாம். அப்படி வெட்டியதனாலும் அலை அரித்ததனாலும் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. 1986இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. “நம்ம ஊர்ல பழைய சுவரைத் தட்டிப் பாரு, உன் தொட்டிக்குள்ள இல்லாதது அதுக்குள்ள இருக்கும்” என்றார்.

அப்பா நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் கணக்கும் மேற்பார்வையும் பார்த்தவர். அம்மா காலமான பிறகு நானே வற்புறுத்தி அழைத்து வந்தேன். இந்தி தெரியாது, லிப்டில் ஏற அச்சம், பூங்காவில் அமர்ந்திருக்கும் முதியோரோடு புன்னகை மட்டுமே பரிமாற முடியும். காலையில் நான் அலுவலகம் புறப்படும்போது தொட்டியின் முன் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மாலையில் திரும்பும்போதும் அங்கேயே இருப்பார். அவரை அழைத்து வந்தது யாருக்காக என்ற கேள்வி சில இரவுகளில் என்னை உறங்கவிடவில்லை.

மே மாதம் வந்தது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி. இருபத்தாறில் நிற்க வேண்டிய தொட்டி முப்பத்தொன்றைத் தொட்டது. குளிரூட்டும் கருவியின் விலைக்கு அஞ்சி, மூடியை அகற்றி நீர்ப்பரப்பின்மேல் இரண்டு விசிறிகளைச் சுழலவிட்டேன். வறண்ட காற்றில் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். மூன்று டிகிரி குறைந்தது. (மழைக்காலத்தின் ஈரக் காற்றில் இந்த வித்தை பலிக்காது.) ஆனால் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் நீர் வற்றியது. கடைக்காரரைக் கேட்டேன். “கடல்நீர்த் தொட்டிக்குக் கடல்நீரைத்தானே ஊற்ற வேண்டும்?” என்றார். நானும் அவ்வாறே உப்பு நீர் கரைத்து ஊற்றி வந்தேன்.

இரண்டு வாரத்திற்குள் பொத்தான் பவளங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மீன்கள் மூலையில் ஒதுங்கி வேகமாக மூச்சுவிட்டன. அம்மோனியாவைச் சோதித்தேன், இல்லை. விளக்கின் நேரத்தைக் குறைத்தேன், பயனில்லை. கடைக்காரர் நோய் என்று சொல்லி ஒரு மருந்தைத் தந்தார். வீட்டுக்கு வந்து சீட்டைப் படித்தால் அது செம்பு கலந்தது. மீனின் ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு, முதுகெலும்பில்லாத உயிர் அனைத்தையும் கொன்றுவிடும். புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, வழக்கம்போல் வாளியில் உப்பு நீரைக் கரைத்துத் தொட்டியில் சாய்த்தேன்.

“அது என்ன தண்ணி?” என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

“எய்யா, பாத்தியில தண்ணி வத்துனா உப்பு எங்க போவும்?”

கையிலிருந்த வாளியோடு நின்றேன். உப்பளத்தில் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, அந்த உப்பின் வருவாயில் பட்டம் பெற்ற எனக்கு இது தோன்றவில்லை. நீர் மட்டுமே ஆவியாகிறது. உப்பு அங்கேயே இருக்கிறது. ஈடு செய்ய வேண்டியது உப்பில்லாத நீரை. நானோ இரண்டு வாரத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோ உப்பைக் கூடுதலாகச் சேர்த்திருந்தேன்.

“மானியில் அளவு சரியாகத்தானே இருக்கிறது?” என்றேன், தோல்வியை ஒப்ப மனமின்றி. அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் முள்ளில் உப்புப் பொருக்குப் படிந்து கனத்திருந்தது. கனத்த முள் உயர மறுத்துக் குறைவாகவே காட்டி வந்திருக்கிறது. நண்பரிடம் ஒளிவிலகல்மானி ஒன்றை இரவல் வாங்கி, முப்பத்தைந்து என்று அறிந்த கரைசலில் முதலில் சரிபார்த்து, பிறகு தொட்டி நீரை வைத்தேன். நாற்பத்தொன்று காட்டியது.

“டிகிரியில சொல்லு” என்றார் அப்பா. உப்பளத்தார் பேசுவது போமே அளவில். கணக்கிட்டுச் சொன்னேன்: “நாலுக்கு மேலே.” “கடல் மூணரைல்லா” என்றார், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

ஒரே நாளில் இறக்கினால் உயிர்கள் தாங்கா. நாள்தோறும் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு வடித்த நீரை ஊற்றி, ஆறு நாளில் முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தோம். ஊற்றியவர் அப்பா. ஒன்பதாம் நாள் காலை ஒரு பொத்தான் பாதி திறந்திருந்தது. மறுநாள் கொத்து முழுவதும் விரிந்தது. தொட்டியின் வெளிப்புறம் நீர்மட்டத்தில் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, காலையும் மாலையும் அந்தக் கோடுவரை நிரப்புவதை அவர் தம் பணியாக்கிக்கொண்டார்.

அந்நாட்களில் ஒரு மாலை, “வெளிநாட்டு உப்பு எதுக்கு, நம்ம ஊரு உப்பு ஆவாதா?” என்று கேட்டார். சாதாரண உப்பில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் போதிய அளவில் இராது என்றேன். அவருக்கு அதற்குமேல் விளக்கத் தேவையிருக்கவில்லை. பாத்தியில் நீர் முறுக முறுக முதலில் சுண்ணாம்பு இறங்கும், அடுத்து ஜிப்சம், இருபத்தைந்து டிகிரியில் உப்பு விளையும், எஞ்சிய கசப்பு நீரில் மக்னீசியம் போகும். “நாங்க கழிச்சு விட்டதையெல்லாம் நீ பொட்டலத்துல வாங்குதே” என்றார். அம்மா போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஜூன் மாதத்தில் ஓர் இரவு மின்சாரம் நின்றது. பம்பு ஓயவும் நீர் அசைவற்றுக் கிடந்தது. சூடான நீரில் பிராணவாயு குறைவு. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பை ஏற்றிவைக்க மறந்திருந்தேன். அப்பா சமையலறையிலிருந்து சொம்பை எடுத்து வந்தார். காப்பி ஆற்றுவது போலத் தொட்டி நீரை முகந்து முகந்து உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார். அவர் கை ஓய்ந்தபோது என் மகள், பிறகு நான், பிறகு மீண்டும் அவர். மூன்று மணி நேரம் இருட்டில் அந்த ஓசை மட்டுமே கேட்டது. விளக்கு வந்தபோது மீன்கள் இரண்டும் உயிரோடிருந்தன.

அக்டோபரில், ஊரில் மழை இறங்குமுன் போக வேண்டும் என்றார். நான் தடுக்கவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பார். முதற்கேள்வி, “எத்தனை இருக்கு?” “மூணரை அப்பா” என்பேன். அதன்பிறகுதான் பேத்தியைப் பற்றி விசாரிப்பார்.

சென்ற ஞாயிறு அவசரத்தில் அளக்காமலே “மூணரை” என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

“போயிப் பாத்துட்டு வந்து சொல்லு. நான் வச்சிருக்கேன்” என்றார்.

போய்ப் பார்த்தேன். கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நீர் இறங்கியிருந்தது.