புதாற்றுப் பக்கம் ஒரு தோப்பு

மாசி மாதம். மேட்டூர் அணையை அடைத்தாகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைக்குப் போனபோது, எங்கள் பக்கம் புதாறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் மணல்தான் தெரிந்தது. அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து நின்றது. ஒரத்தநாட்டைத் தாண்டியதும் வயல் குறைந்து தோப்பு கூடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்த தென்னைகளின் இடத்தில் இப்போது கன்றுகள் வளர்ந்து நிற்கின்றன.

நான் போன தோப்பில் புயலுக்குத் தப்பியவை 40 மரங்கள். அடிமட்டைகள் தீயில் கருகியதுபோல் இருந்தன.

"இதுவும் போச்சுன்னா கன்னு காய்க்கிற வரைக்கும் கையில ஒண்ணும் இல்ல சார். பேரன் செல்போன்ல பாத்து ரம்ப ஈங்கிறான். மருந்தடிக்க ஆள் சொல்லிட்டேன்" என்றார் பெரியவர்.

"பொறுங்க ஐயா, முதல்ல புழுவோட காலை எண்ணுவோம்" என்றேன்.

ரம்ப ஈ, பெயரில்தான் ஈ, குளவி இனம். ரம்பம் போன்ற உறுப்பால் இலையைக் கீறி முட்டை வைக்கும். கடுகு, முள்ளங்கியில் வரும். அதன் புழுவுக்கு வயிற்றுப் பக்கம் 6 ஜோடிக் கால்களோ அதற்கு மேலோ இருக்கும். அந்துப்பூச்சிப் புழுவுக்கு 5 ஜோடிக்கு மேல் இருக்காது.

கீற்றின் அடியில் நூலும் புழுக்கையுமாகக் கட்டிய கூட்டைப் பிரித்தோம். பேரனே எண்ணினான், 5 ஜோடி. தலை கறுப்பு. தென்னைக் கருந்தலைப் புழு!

இதற்கு எதிரி, ரம்ப ஈயின் தூரத்து உறவான கோனியோசஸ் என்ற சின்னக் கறுப்புக் குளவி. புழுவை மயக்கி அதன்மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். மருந்தடித்தால் முதலில் சாவது இதுதான். அதனால் தெளிப்பு ஆளைத் திருப்பி அனுப்பினோம். கருகிய கீற்றுகளை வெட்டி எரித்தோம். எக்டேருக்கு 3,000 குளவி என்ற கணக்கில், அரை ஏக்கருக்கு 600 விட்டோம். கொண்டையில் விட்டால் சிலந்தி தின்றுவிடும். மரத்தடியில்தான் விட வேண்டும்.

வைகாசியில் மறுபடி போனேன். அடிமட்டைகள் தேறவில்லை. ஆனால், புதிதாக விரிந்த மட்டைகளில் புழு இல்லை. பேரன் ஒவ்வொரு மரமாகக் கீற்றைப் புரட்டிக் காட்டினான்.

உங்கள் தோப்பில் அடிமட்டை காய்ந்தால், ஒரு கீற்றை வெட்டிப் புரட்டிப் பாருங்கள். ஒட்டுண்ணிக்கு வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரியுங்கள்.